சராசரி மூக்கு

1

என் மூக்கு சராசரி மூக்கு என்று நகராட்சி முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சிறு தொழில் நகரத்துக்கு நான் வந்து அன்றோடு பதினெட்டு வருடம். இந்த நாட்டில் எனக்கு வந்த கடிதங்களில் பாதி, ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று சொல்பவை. மீதி, கொடுத்த தாளில் ஏதோ தப்பு என்று சொல்பவை. முதல் முயற்சியிலேயே தேறிவிட்டீர்கள் என்று சொன்ன ஒரே கடிதம் இதுதான். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் நகரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டுத் தீவன ஆலை, இந்தப் பக்கம் பெயின்ட் தொழிற்சாலை. காற்றை அளக்கக் கருவிகள் உண்டு. ஆனால் காற்றில் வருவது மனிதருக்குத் தொல்லையா இல்லையா என்று கருவி சொல்லாதாம். அதற்கு மூக்கு வேண்டும். அதனால் குடிமக்களில் விருப்பம் உள்ளவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், குறித்துக் கொடுத்த விளக்குக் கம்பத்தின் கீழே பத்து நிமிடம் நிற்க வேண்டும். பத்து நொடிக்கு ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்து, வாசனை உண்டா இல்லையா என்று கட்டத்தில் குறிக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே காபி, வெங்காயம், பவுடர் எதுவும் ஆகாது. சம்பளம் கிடையாது. வருடக் கடைசியில் எல்லோரையும் கூப்பிட்டு கேக் கொடுப்பார்கள்.

பெயர் கொடுக்கப் போன அன்றே வாய் தவறியது. வாசனைக்கு ஜெர்மனில் கெரூஹ். வதந்திக்கு கெருய்ஷ்ட். "வதந்திகளைப் பதிவு செய்ய வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உர்சுலா, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், இந்த மூக்குக் குழுவை நடத்துபவர், சிரிக்கவில்லை. "அதுவும் இந்த ஊரில் நிறைய உண்டு. ஆனால் அதற்கு மாடியில் போய்க் கேட்கவேண்டும்" என்றார்.

பிறகு சின்னச் சின்னக் குப்பிகளை மூன்று மூன்றாக நீட்டினார்கள். எதில் வாசனை என்று சொல்ல வேண்டும். மந்தமான மூக்கைச் சேர்க்க மாட்டார்கள். ரொம்பக் கூர்மையான மூக்கையும் சேர்க்க மாட்டார்கள். தெருவில் போகிற சாதாரண மனுஷிக்குத் தெரிவதுதான் அவர்களுக்கு வேண்டும். அப்படித்தான் நான் சராசரி ஆனேன்.

2

என் கம்பம் கால்வாய் ஓரத்தில் இருந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போகும் முன் அங்கே நிற்பேன். பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு நீளமானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. முதல் நிமிடத்தில் ஈரச் செங்கல். இரண்டாவதில் யாரோ ரொட்டி சுடுகிறார்கள். அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததற்கும் கட்டம் உண்டு. வாத்துகள் போகும். பனி கால்வாய் மேலே படுத்திருக்கும். கண் திறந்திருக்கும்போதே நான் வேறு எங்கோ போய்விடுவேன்.

மூன்றாவது செவ்வாயோ நான்காவதோ, ஆறாவது நிமிடத்தில் அது வந்தது. நாக்கில் பழைய காசு ஒன்றை வைத்தது போல. அதற்குள்ளே கொஞ்சம் வெந்த ரப்பர். அந்த ஒரு மூச்சில் கால்வாய் போய்விட்டது. நான் கும்மிடிப்பூண்டியில் நின்றேன். கையில் தூக்குச் சட்டி. ஏரிக்கரையில் காலை வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் சைக்கிளில் நைனா, என் அப்பா. தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் ஒன்றின் பின் ஒன்றாக, எங்கள் வீட்டுப் பனைமரங்களைவிடப் பழகின உயரத்தில்.

எங்கள் ஊர் அந்தப் பேட்டைக்குக் கிழக்கே. அங்கே வளர்ந்த எங்களுக்கு அது நாற்றம் இல்லை, கடிகாரம். "ரப்பர் வந்துட்ச்சி, வெளக்கப் போடு" என்பார் நைனா. முட்டை வாசனை வந்தால் முதல் ஷிஃப்ட் முடியப்போகிறது. காசு வாசனையோடு விடிந்தால் அன்றைக்கு ஏதோ ஒரு உலையில் கழிவு இரும்பு உருகுகிறது. நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. மணி நன்றாக இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா?

தாளில் பதினான்கு வகை வாசனைக்குக் கட்டம் இருந்தது. எதிலும் என் காசு இல்லை. 'பிற' என்ற கட்டத்தில் தமிழில் எழுதிவைத்தேன். அன்று மாலை உர்சுலா போன் செய்தார். "இது என்ன எழுத்து? அழகாக இருக்கிறது. ஆனால் நான் இதை எங்கே கூட்டுவேன்?"

பதினாறு வயது மகள் கயலிடம் மொழிபெயர்க்கச் சொன்னேன். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா, நீ சின்ன வயசில் காசைத் தின்பியா?" என்று ஜெர்மனில் கேட்டாள். இப்போதெல்லாம் எல்லாவற்றையும் ஜெர்மனில்தான் கேட்கிறாள். நான் தமிழில் பதில் சொல்கிறேன். இரண்டு கரையில் நின்று கத்திக்கொள்கிற மாதிரி.

3

சரோஜா அக்கா எங்கள் ஊரிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். அவள் கணவர் எத்திராஜ் மாமா, பேட்டையில் இரும்பு உருக்கும் ஓர் ஆலையில் இருபத்திரண்டு வருடமாக கான்ட்ராக்ட் ஆள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் மூக்குக் கதையைச் சொன்னபோது அக்கா சிரித்துச் சிரித்து முந்தானையில் கண்ணைத் துடைத்தாள்.

"மோந்து பாக்கறதுக்கா ஆளு வெச்சிகீறானுங்க? இன்னாடி ஊரு அது?"

"ஆமாக்கா. எழுதி வெச்சா நகராட்சியில அந்த ஆலைக்காரங்களைக் கேப்பாங்க."

"கேட்டா?"

"பதில் சொல்லணும். போன வருஷம் தீவன ஆலைக்கு மூடி போட வெச்சாங்க."

அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் முகத்துக்குப் பின்னால் ஜன்னல் கதவு சாத்தியிருந்தது. அங்கே பகல் பதினொரு மணி, நல்ல வெயில். ஏன் சாத்தியிருக்கிறாய் என்று நான் இத்தனை வருடத்தில் கேட்டதில்லை.

"ரேவதி புள்ள உண்டானதுலேர்ந்து இங்க வரமாட்டேங்குதுடி" என்றாள். ரேவதி அவள் மகள். வேப்பம்பட்டில் புகுந்த வீடு. "வந்தா கொமட்டுதாம். எனக்கு ஒண்ணும் தெர்ல. அதுக்கு மட்டும் எப்பிடித் தெர்யுது?"

அதற்கு உர்சுலா சொல்லிக்கொடுத்த விடை என்னிடம் இருந்தது. ஒரே வாசனையில் இருந்துகொண்டே இருந்தால் மூக்கு அதைச் சொல்வதை நிறுத்திவிடும். வெளியே போய் வந்தால்தான் திரும்பச் சொல்லும். அதனால்தான் எங்களுக்கு எங்கள் தெருவிலேயே கம்பம் தருவதில்லை. இதை நான் ஏதோ சுவாரசியமான செய்தி போலச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அக்கா அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவளும், தெருமுனையில் இட்லி விற்கும் நாகம்மாவும், இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி அடியில் ஒருத்தி, ரேஷன் கடை வாசலில் ஒருத்தி, பள்ளிக்கூட கேட் பக்கம் ஒருத்தி, பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி. விடியும்போது, மத்தியானம், விளக்கு வைக்கும்போது. உள்ளூர் மூக்கு பொய் சொல்லும் என்பதால் அவர்களே ஒரு விதியும் செய்துகொண்டார்கள். வெளியூர் போய் வந்தவளைப் பஸ் நிறுத்தத்திலேயே பிடித்து, வீட்டுக்குள் நுழையும் முன் கேட்டுவிட வேண்டும். ரேவதியைப் பார்க்கப் போன அக்கா, வேப்பம்பட்டில் முதல் ரயில் ஏறி சென்ட்ரலில் மாறி கும்மிடிப்பூண்டியில் இறங்கி, அரிசிப் பையை இடுப்பில் வைத்தபடியே தொட்டி அடியில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள், எல்லோருக்கும் அந்த நிறுத்தத்தில் ஒரே கேள்வி. "வண்டி எறங்கறதுக்குள்ள இன்னாடி வாசனன்னு கேட்டா, நாஷ்டா பண்ணவா வந்தேன் உன் கடைலன்னு திட்றாளுங்க" என்றாள் நாகம்மா.

எழுதி வைக்க நோட்டு வாங்கவில்லை. எல்லார் வீட்டிலும் சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது, பக்கத்தில் நூலில் கட்டிய பேனா. பால் வந்த நாளுக்குக் கோடு போடுகிற அதே கட்டத்தில் இன்னொரு கோடு. காசு வாசனைக்குச் சாய்ந்த கோடு, முட்டைக்கு வட்டம், ரப்பருக்குப் பெருக்கல் குறி. உர்சுலாவின் பதினான்கு கட்டத்துக்கு இவர்களுக்கு மூன்று போதும். மாமா அந்தக் காலண்டருக்குக் கீழேதான் தினமும் சட்டையை மாட்டினார். பார்க்கவில்லை. அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்.

4

மூன்று மாதம் கழித்து அவர்கள் ஒரு மனு எழுதிக்கொண்டு திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். நாற்பது கையெழுத்து. முதல் கையெழுத்து எ. சரோஜா. அந்த 'எ' எத்திராஜுக்கு உரியது.

விசாரிக்க ஆபீசர்கள் இரண்டு பேர், ஆலை ஆள் ஒருவரோடு வந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு. கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஊர் முழுக்கத் துணி காயப் போட்ட மணம்தான். ஆலைத் தரப்பில் வந்தவர் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "யாரோ கெளப்பி விட்ட வதந்திம்மா இது" என்றாராம். அக்கா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு அது ஏன் என்று விளங்கவில்லை.

மறுவாரம் ஆலை கேட்டில் மாமாவிடம் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. "சொல்லி அனுப்பறோம்" என்றார்களாம். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

அன்று நான் முதியோர் இல்லத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே காதில் போனை வைத்திருந்தேன்.

"அக்கா, விட்டுடுக்கா. மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுத்துடு. நான்தான் தெரியாம அந்தக் கதையைச் சொன்னேன்."

"நீ சொன்னதுக்காவா செஞ்சேன்? நீ சொல்லலன்னா எனுக்கு மூக்கு இல்லியா?"

"மாமாவுக்கு வேலை போச்சே."

"போச்சி. பேஜாராத்தான் கீது. அவரு எங்கூடப் பேசி எட்டு நாளு ஆவுது. சோத்தப் போட்டா துன்றாரு, எழுந்து போறாரு." அவள் குரல் உடையவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீ அங்க நின்னு மோந்தா கடுதாசி குடுத்து கேக்கு குடுக்கறான். நான் எங்க ஊட்டு வாசல்ல நின்னு மோந்தா குத்தமா? அதச் சொல்லு எனுக்கு."

உருளைக்கிழங்கு கையில் அப்படியே இருந்தது.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை கம்பத்தடியில் நின்றேன். பத்து நிமிடமும் வாசனை எதுவும் வரவில்லை. இல்லை, இல்லை, இல்லை என்று கட்டம் நிரப்பிக்கொண்டே போனேன். சுத்தமான காற்று என் மூக்குக்குள் போய் வருவது அன்றைக்குத் திருடியது போல இருந்தது.

மாமா கடைசியில் வேப்பம்பட்டில் ரேவதி வீட்டுப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த அடுக்கு வீடுகளுக்குக் காவல்காரராகப் போனார். வாரம் முழுக்க அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில் தங்கல். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முதல் ரயிலில் வீட்டுக்கு வருவார். இருபத்திரண்டு வருடம் உலை முன் நின்ற மனிதர், காலி வீடுகளைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

5

ஆவணியில் ரேவதிக்கு வளைகாப்பு. கயலுக்குக் கோடை விடுமுறை. மூன்று வாரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். கணவருக்கு பார்சல் கிடங்கில் விடுப்புக் கிடைக்கவில்லை.

விமானம் இறங்கி, வாடகைக் காரில் ஊருக்குள் நுழைந்தபோது வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. தண்ணீர்த் தொட்டி அடியில் அக்கா நின்றிருந்தாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"ஊட்டுக்கு அப்பறம் போலாம். காப்பி குடிச்சியா வழில?"

"இல்லக்கா."

"நல்லது. நில்லு இங்க ரெண்டு பேரும். பத்து நிமிசம்."

நின்றோம். அத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்த இரண்டு புதிய மூக்குகள். அக்காவுக்கு அதைவிடப் பெரிய சீர் யாரும் கொண்டுவந்திருக்க முடியாது. மேல்காற்று மெல்ல வந்தது. பேட்டைப் பக்கம் வானம் ஆரஞ்சாக இருந்தது. அது விடியலின் நிறம் இல்லை, விடியல் எதிர்ப்பக்கம் இருந்தது. முதல் மூச்சில் காசு. இரண்டாவது மூச்சில் அந்தக் காசு தொண்டைக்குள் இறங்கியது. நான் சிறுமியாக இருந்தபோது இதை அப்படியே குடித்து வளர்ந்தேன் என்பதை என் உடம்பு நம்பவில்லை. கண்ணில் நீர் வந்தது. அழுகையா புகையா என்று பிரிக்க முடியாத நீர்.

கயல் நான்கு நிமிடம் நின்றாள். பிறகு நாகம்மாவின் துணி துவைக்கும் கல் பக்கம் ஓடிப் போய் வாந்தி எடுத்தாள். நாகம்மா அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வாயைக் கழுவி நிமிர்ந்ததும் கயல் என்னிடம் கேட்டாள். அந்த வருடத்தில் முதல் தடவையாகத் தமிழில்.

"நீ இங்கதான் பொறந்தியா? உனக்குத் தெரியவே இல்லையா?"

வீட்டுக்குப் போனதும் அக்கா முதலில் காலண்டரில் சாய்ந்த கோடு போட்டாள். பக்கத்தில் இன்னொன்று. பிறகு பேனாவை விட்டுவிட்டு வந்து எங்களைக் கட்டிப்பிடித்தாள். "வா, வா, இளைச்சிட்டியே" என்று வழக்கமானதெல்லாம் சொன்னாள்.

இரண்டாம் நாள் காலையில் வாசனை குறைவாக இருந்தது. மூன்றாம் நாள் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. நான்காம் நாள் எனக்கு எதுவும் தெரியவில்லை. வாசலில் நின்று இழுத்து இழுத்துப் பார்த்தேன். நாகம்மாவின் இட்லி ஆவி தெரிந்தது, சாணி தெளித்த ஈரம் தெரிந்தது. மற்றது இல்லை. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ தடவை ஊருக்கு வந்திருக்கிறேன். நான்காம் நாள்தான் வந்து சேர்வேன் போலிருக்கிறது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது.

6

அந்த வாரத்தில்தான் அக்காவும் நாகம்மாவும், சுற்றுச்சூழலைப் பார்க்கும் அரசு அலுவலகத்துக்கு நான்கு வீட்டுக் காலண்டர்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் கூடப் போனேன். புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஒரு பெண் பொறியாளர் இருந்தார். வயது முப்பதுக்குள். செவ்வாப்பேட்டையிலிருந்து தினமும் ரயிலில் வருபவர். மேசை மேல் காலண்டர்களை விரித்தார். ஓரத்தில் சாமி படம், நகைக்கடைப் பெயர், நடுவில் கோடும் வட்டமும்.

"நேர் கோடு?"

"அது பாலு மேடம். அத உட்டுடுங்க."

"சாய்ஞ்ச கோடு?"

அக்கா சொன்னாள். பொறியாளர் விரலை வைத்து ஒவ்வொரு மாதமாக இறக்கிக்கொண்டு வந்தார். நான்கு வீட்டுக் காலண்டரிலும் ஒரே பத்தியில் சாய்ந்த கோடுகள் அடர்ந்திருந்தன. யாரும் அதை அதுவரை தூரத்திலிருந்து பார்த்திருக்கவில்லை. நாங்களே அப்போதுதான் பார்த்தோம். மழை ஒரே ஜன்னலில் மட்டும் பெய்த மாதிரி.

"ஞாயித்துக்கெழமையா?"

"ஞாயித்துக்கெழம. வெள்ளன. அஞ்சு, அஞ்சரை. ஆபீசருங்க யாரும் வர்ற நேரமில்ல அது" என்றாள் நாகம்மா.

என் சராசரி மூக்குக் கடிதத்தைக் கைப்பையில் வைத்திருந்தேன். தேவைப்பட்டால் காட்டலாம் என்று ஜெர்மனியிலிருந்தே கொண்டுவந்தது. எடுக்கவில்லை. அந்தக் காலண்டர்களுக்குப் பக்கத்தில் அதை வைக்கக் கூச்சமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு முன்னமே ஜீப் வந்தது. பொறியாளர் இறங்கி, இரண்டடி நடந்து, நின்றார். துப்பட்டா நுனி தானாக மூக்குக்குப் போனது. கூட வந்தவர் ஒரு பெட்டியைத் திறந்து கருவியைப் பொருத்தினார். தெருவில் பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள். நான் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. முத்திரை குத்திய மூக்கோடு அங்கே வெறுமனே நின்றுகொண்டிருந்தேன்.

கருவி அளந்து முடிக்கும்போது விடிந்து ஆறரை ஆகிவிட்டது. "எழுத்துல ஒரு வாக்குமூலம் வேணும்" என்றார் பொறியாளர். "பேரு, விலாசம், கையெழுத்தோட. ஏற்கெனவே மனுவில இருக்கறவங்களா இல்லாம இருந்தா நல்லது. இல்லாட்டி மறுபடியும் அதே ஆளுங்கன்னு சொல்லுவாங்க."

கூட்டம் தரையைப் பார்த்தது. பாதி வீடுகளில் யாராவது ஒருத்தர் பேட்டைக்குள் வேலை செய்தார்கள்.

அப்போது ஸ்டேஷன் ரோட்டுப் பக்கமிருந்து மாமா வந்துகொண்டிருந்தார். தோளில் பை, கையில் காவல்காரர் தொப்பி. கூட்டத்தைப் பார்த்து நின்றார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஒதுங்கி வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். பையைத் தொட்டி அடியில் வைத்தார்.

"என் பேரு எழுதிக்கோங்க மேடம்" என்றார்.

"நீங்க?"

"அதுக்குள்ள இருவத்திரண்டு வருசம் வேல செஞ்சவன். ஒரு நாளு கூட எனுக்கு நாறுல. இவ சொல்வா, கெடையாதுன்னு சண்ட போடுவேன். பொய் சொல்லல மேடம், மெய்யாலுமே தெர்ல." தொப்பியால் ஸ்டேஷன் ரோட்டைக் காட்டினார். "இப்ப மூணு மாசமா வாரம் பூரா வெளிய கீறேன். ஞாயித்துக்கெழம ரயில விட்டு எறங்குறேன். என் ஊட்டுக்குப் போற வழியெல்லாம் இன்னா நாத்தம்! இதுலயா எம் பொண்டாட்டி புள்ளைங்கள வெச்சிருந்தேன்னு, நடக்கவே காலு வர்ல மேடம்."

பொறியாளர் எழுதினார். மாமா கையெழுத்துப் போட்டார். அக்கா அப்போதும் திரும்பவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

7

நாங்கள் திரும்பி வந்த பிறகு ஆலைக்கு நோட்டீஸ் போனது. உலைக்கு மேலே பெரிய கூண்டு போல ஒன்றைக் கட்டினார்கள். புகை இப்போது ஏதோ வடிகட்டி வழியாகப் போகிறதாம். மார்கழிக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைப் பத்தியில் இரண்டே கோடு. முட்டைக்கு வட்டம் அப்படியே இருக்கிறது; அது வேறு ஆலை, வேறு சண்டை. நாகம்மா அதற்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். ரேவதிக்குப் பெண் குழந்தை. பிள்ளை பெற்று ஒரு மாதம் தாய் வீட்டில் இருந்துவிட்டுப் போனாள்.

மாமாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இனி கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். இதை எழுதும்போது அதையும் சேர்த்து எழுத வேண்டும். நல்லது நடந்தது என்று மட்டும் எழுதிவிட்டால் அவர் முகம் என்னைப் பார்க்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அக்கா எண். எடுத்தால் மாமா. என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் தானாக என்னோடு பேசினது இதுதான் முதல் தடவை.

"சாந்தி, நான் மாமா பேசறேன்மா."

"சொல்லுங்க மாமா. அக்கா நல்லா இருக்கா?"

"நல்லாக் கீது. தண்ணிக்குப் போய்க்கீது. உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். நீ மூக்கு டூட்டி பாக்கறவ, உனுக்குத் தெர்யும்."

"கேளுங்க மாமா."

"இன்னிக்கு வெள்ளன வந்தேன். ரோட்டுல ஒண்ணும் இல்ல. கதவத் தெறந்துக்கினு உள்ள வந்தா, எங்க ஊட்டுக்கு ஒரு வாசன கீதும்மா." அவர் குரல் தாழ்ந்தது, பக்கத்தில் யாரோ தூங்குவது போல. "முப்பது வருசமா இதே ஊட்டுல கீறேன். இப்பதான் தெர்யுது."

"என்ன மாதிரி வாசனை மாமா?"

அவர் யோசித்தார். வெளியே இங்கே பனி விழுந்துகொண்டிருந்தது. கயல் கதவோரம் வந்து நின்று, யார் என்று கண்ணால் கேட்டாள்.

"சொல்லத் தெர்லம்மா. துணி மாதிரி... இல்ல, அரிசிப் பான மாதிரி. அதுவும் இல்ல. வெச்சிடாத, இரு. வெளிய போய்ட்டு இன்னொரு வாட்டி உள்ள வர்றேன்."

போனை எங்கேயோ வைக்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிப் போயிற்று.